ஆறு கிலோ

ஜனவரி 7

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் சுண்டுவும் இங்கே சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தையல் மெஷினுக்கு மோட்டார் வைத்துக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது? கேட்கிற ஆளா நீ.

போன் இருக்கும்போது இவன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் நீ திட்ட ஆரம்பித்தால் எனக்கு வாயடைத்துவிடுகிறது. கடிதமென்றால் நான் சொல்லி முடித்த பிறகுதானே நீ ஆரம்பிக்க முடியும்?

சிறகு தயார். பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருடம் கடைசல் மெஷினில் நின்றதில் கற்றதையெல்லாம் இதில் கொட்டியிருக்கிறேன். எஞ்சின் கிடையாது, பேட்டரி கிடையாது. சாய்ந்து உட்கார்ந்து காலால் மிதித்தால் இரண்டு சிறகும் பறவையுடையது போலவே மேலும் கீழும் அடிக்கும். நுனியிலிருந்து நுனிக்கு முப்பது மீட்டர். மொத்த எடை நாற்பத்தொரு கிலோ. நம்ப மாட்டாய். தராசில் வைத்துப் பார்த்தபோது நானே நம்பவில்லை.

போன வாரம் ஒரு எஞ்சினியர் நாலு பேரோடு சிறகு நிற்கிற கிடங்குக்கு வந்தார். சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, மனுஷன் சிறகடிச்சுப் பறக்கணும்னா அவன் நெஞ்சு ரெண்டு அடி முன்னால தள்ளிட்டு நிக்கணும். பறவைக்கு நெஞ்செல்லாம் சதை. உனக்கும் எனக்கும் அங்க என்ன இருக்கு, இருமல்தான் இருக்கு" என்றார். "சார், மனுஷனுக்குச் சதை தொடையில இருக்கு. நான் யாரையும் கையால அடிக்கச் சொல்லலையே" என்றேன். அவர் காதில் விழவே இல்லை. கூட வந்த நாலு பேரும் சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு வாரமாகியும் எனக்கு வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

இந்த வருடம் கிளப்பிக் காட்டுகிறேன். நாலு நொடி போதும். சக்கரம் தரையை விட்டு நாலு நொடி நின்றால் அந்த எஞ்சினியர் வாயைத் தைத்துக்கொள்ளட்டும்.

சுண்டு நன்றாகப் படிக்கிறாள். கவலைப்படாதே.

உன் தம்பி


ஜனவரி 19

தம்பிக்கு,

முழங்காலும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. உன் இருமல் போயிற்றா?

திட்டாமல் எழுதப் பார்த்து இரண்டு தாளைக் கிழித்தாயிற்று. மூன்றாவது தாளில் திட்டிவிடுகிறேன், தாள் மிச்சமாகும். ஐம்பதை நெருங்குகிறாய். பெண்டாட்டி பிள்ளை வேண்டாமென்று விட்டாய், சரி. இருந்த வேலை போன பிறகு வேறு வேலை தேடவில்லை, அதுவும் சரி. முடவன் கொம்புத்தேனுக்கு ஆசைப்பட்டான் என்பார்கள். அவனாவது கீழே உட்கார்ந்து ஆசைப்பட்டான். நீ மரத்தில் ஏறுகிறேன் என்கிறாய்.

ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் சொல். உன் எடை தொண்ணூறு கிலோ. உன் வீட்டு நாற்காலியே உன்னைக் கண்டால் முனகும். நாற்பத்தொரு கிலோ மெஷின் உன்னை எப்படித் தூக்கும்? யார் மிதிக்கப் போவது?

சுண்டு ஏன் எழுதுவதில்லை? போனிலும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. வீடியோவில் வாடி, முகத்தைப் பார்க்கிறேன் என்றால், "கரெண்ட் இல்லம்மா" என்கிறாள். உங்கள் ஊரில் எப்போது பார்த்தாலுமா கரெண்ட் இல்லை? கல்லூரிக்குப் பக்கம் என்றுதான் அவளை உன் வீட்டில் விட்டேன். தகப்பன் இல்லாத பெண். வேளைக்குச் சாப்பிடுகிறாளா என்று பார்த்துக்கொள். உனக்கு வேறு வேலை வைக்கவில்லை நான்.

அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருமல் இல்லை. இங்கே எல்லோரும் சௌக்கியம். பதில் போடத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே, சங்கிலியில் ஒரு பல் தேய்ந்துபோய் அதை மாற்றிக்கொண்டிருந்தேன்.

எப்படிக் கிளம்பும் என்று கேட்பாய். கிடங்குக்குப் பின்னால் லாரிகள் நின்ற நீளமான சிமென்ட் களம் இருக்கிறது. எனக்குக் குழாய் ஒட்டித் தருகிற வெல்டர் தன் மோட்டார் சைக்கிளில் கயிறு கட்டி முதலில் இழுப்பார். வேகம் வந்ததும் கயிறு தானாகக் கழன்றுவிடும். அதற்கப்புறம் காலும் சிறகும்தான். ஏமாற்று வேலை என்று நீ சொல்வாய். கொக்கு கூட நாலடி ஓடித்தான் எழும்புகிறது, அதை யாராவது ஏமாற்று என்கிறார்களா?

மிதிக்க நல்ல ஆள் கிடைத்தாயிற்று. உறுதியான கால். சொன்னதைக் கேட்கிற குணம். எடை நாற்பத்து நாலு கிலோ. அதற்கு மேல் ஒரு கிலோ கூடினாலும் என் கணக்கு உதைக்கிறது.

அதனால்தான் உன்னிடம் ஒரு உதவி. ஓங்கி மிதிக்கும்போது ஆள் இருக்கையில் பின்னால் வழுக்காமல் தோளையும் இடுப்பையும் பிடித்துக்கொள்ள ஒரு நைலான் பட்டை வேண்டும். கடையில் வாங்கியது கனம். உன் கைத் தையல் மாதிரி இங்கே யாரும் தைப்பதில்லை. அளவு கீழே எழுதியிருக்கிறேன், அப்படியே தைத்து அனுப்பு.

தோள் பதினான்கு. மார்புச் சுற்று முப்பது. இடுப்பு இருபத்து மூன்றரை. தொடை பதினெட்டு. இடது தோள் வலதைவிடக் கால் அங்குலம் இறக்கம்.

சுண்டு உனக்கு எழுதுவாள். பரீட்சை நேரம்.

உன் தம்பி


பிப்ரவரி 22

டேய்,

நலமெல்லாம் பிறகு விசாரிக்கிறேன்.

இருபத்தொரு வருடமாக அந்த உடம்புக்குத் துணி தைக்கிறவள் நான். இடது தோள் கால் அங்குலம் இறக்கம் என்று நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேண்டுமா? எட்டாவது படிக்கும்போது புத்தகப் பையை ஒரே தோளில் மாட்டி மாட்டி இறங்கியது அது. அவளுடைய ஒவ்வொரு சட்டைக்கும் அந்தப் பக்கம் கால் அங்குலம் குறைத்து வெட்டுகிறேன். வேறு எவனாவது இருந்தால் "ஒல்லியான ஆள்" என்று எழுதி நிறுத்தியிருப்பான். கடைசல்காரன் புத்தி, கால் அங்குலத்தை விட மனசு வரவில்லை உனக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து நீயே காம்பை வெளியே நீட்டிவிட்டாய்.

என் பெண்ணைத் தூக்கி அந்த மெஷினில் உட்கார வைத்திருக்கிறாய். "நல்ல ஆள்" என்று எனக்கே எழுதுகிறாய்.

இனி மற்றதைக் கேள். போன ஜூனில் அவளை உன் வீட்டில் விடும்போது இடுப்பு இருபத்தாறரை. தொடை இருபது. எடை ஐம்பது. இன்று இருபத்து மூன்றரை என்கிறாய், நாற்பத்து நாலு என்கிறாய். அந்த ஆறு கிலோ எங்கேடா போயிற்று? என்ன சாப்பிடுகிறாள் என் பெண்? மாதா மாதம் ஒழுங்காக விலக்காகிறாளா? அதை அவளிடம் கேட்க உனக்குக் கூச்சமாக இருக்கும். கேட்கக் கூசுகிறவன் அவள் இடுப்பு குறையக் குறைய நோட்டில் எழுதி வைத்துக்கொண்டிருந்தாய், அதற்குக் கூசவில்லை.

இந்தக் கடிதம் கண்டதும் அவளைப் பஸ் ஏற்று. பட்டையும் இல்லை, கிட்டையும் இல்லை.

அக்கா


மார்ச் 11

அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீ மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா?

மாமாவைத் திட்டாதே. அவர் கேட்கவில்லை, நான்தான் கேட்டேன். வெல்டர் அண்ணனுடைய தம்பி மிதிப்பதாக இருந்தது, அவர் அறுபத்தெட்டு கிலோ. சிறகு அடித்ததே தவிர அசையவில்லை. "மாமா, நான் ஏறிப் பாக்கட்டுமா?" என்றேன். உட்கார்ந்து மிதித்தேன். கிடங்கில் இருந்த காகிதம், மரத்தூள், தகரத் தட்டு எல்லாம் சுற்றிலும் பறந்தன. மாமா ஒரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். என்னால் ஒருத்தர் அப்படி அழுததை நான் பார்த்ததே இல்லை. உன்னை நான் அழவைத்திருக்கிறேன், அது வேறு.

பத்தாவதில் சைக்கிள் பந்தயத்தில் மாவட்டத்தில் முதலாவதாக வந்தேன். அடுத்த பந்தயத்துக்கு நீ அனுப்பவில்லை. ஸ்கூல் யூனிபார்ம் சீசன், காஜா எடுக்க ஆள் இல்லை என்றாய். நானூறு சட்டைக்குக் காஜா எடுத்தேன். அந்தப் பந்தயத்தில் ஜெயித்த பெண்ணை நான் அதற்கு முன்னால் இரண்டு தடவை தோற்கடித்திருக்கிறேன். இதையெல்லாம் நான் உன்னிடம் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், ஏனென்றால் எனக்கும் கோபம் வரும். உனக்கு மட்டும் சொந்தமானதில்லை அது.

நீ இங்கே வராதே. வந்து இழுத்தால் நான் வர மாட்டேன், நாலு பேர் முன்னால் இரண்டு பேருக்கும் அசிங்கம். நான் சாப்பிடுகிறேன். பட்டையை மட்டும் தைத்து அனுப்பு. நீ தைக்காவிட்டால் வேறு யாராவது தைப்பார்கள்.

சுண்டு


மார்ச் 24

என் சுண்டுவுக்கு,

மாத்திரை போடுகிறேன். உன் மாமாவிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தேன், அதற்கு அவனும் பதில் சொல்லவில்லை, நீயும் சொல்லவில்லை. "சாப்பிடுகிறேன்" என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாய். சாப்பிடுகிறவர்கள் அதைக் கடிதத்தில் எழுதுவதில்லை.

பந்தய விஷயம். அனுப்பாதது என் தப்பு. அன்றைக்கு அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. நானூறு சட்டைதான் தெரிந்தது. நீ ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்ததும் தப்புதான், ஆனால் அதற்கும் நான்தான் காரணமாக இருப்பேன்.

பஸ் நிலையம் வரை போய்விட்டுத் திரும்பினேன். உன் பிடிவாதம் எனக்குத் தெரியும், எங்கிருந்து வந்தது என்பதும் தெரியும். நான் வந்து நின்றால் அன்றைக்கே அந்த மெஷினில் ஏறிக் காட்டுவாய்.

பட்டை அனுப்பியிருக்கிறேன். வேறு எவளோ ஒற்றைத் தையல் போட்டு அது பிய்ந்து நீ விழுவதற்கு நான் இடம் கொடுக்க மாட்டேன். எல்லா இடத்திலும் மூன்று வரி தையல். ஆனால் ஐம்பது கிலோ சுண்டுவுக்குத் தைத்திருக்கிறேன். இருபத்தாறரை இடுப்பு, இருபது தொடை. நாற்பத்து நாலு கிலோ சுண்டு யாரென்று எனக்குத் தெரியாது, நான் பார்த்ததில்லை. இந்தப் பட்டை உடம்பில் நிற்க வேண்டுமென்றால் அந்த ஆறு கிலோவும் திரும்பி வரவேண்டும். கணக்கு உதைத்தால் உன் மாமா மெஷினில் குறைக்கட்டும். இரும்புக்குப் பசிக்காது.

சாப்பிட்டுவிட்டுப் பற. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

அம்மா


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

நீ சுகமாகத்தான் இருப்பாய். அடுத்தவன் வயிற்றில் அடித்தவர்களுக்கு என்ன கேடு?

ஆறு கிலோவை மெஷினில் குறைக்க வேண்டுமாம்! ஆறு கிலோ என்றால் என்னவென்று தெரியுமா உனக்கு? ஒரு ஆணியை நான் இரண்டு கிராம் இளைக்க வைக்க ஒரு பகல் முழுக்க அரம் போட்டிருக்கிறேன். இரண்டு கிராம்! நாலு வருடத்தில் ஒவ்வொரு குழாயையும் நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்து, இதற்கு மேல் மெலிந்தால் முறியும் என்கிற இடம்வரை கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். குறைக்க அங்கே ஒன்றுமில்லை. நீ துணி வெட்டுகிறவள். வெட்டினால் குறைந்துவிடும் என்று நினைக்கிறாய்.

சுண்டு சந்தோஷமாக இருக்கிறாள். அவளாகத்தான் குறைத்தாள். நான் ஒரு நாளும் "சாப்பிடாதே" என்று சொன்னதில்லை.

உனக்கு இது புதிதா? எனக்குப் பதின்மூன்று வயது. பழைய குடைத் துணியும் மூங்கிலும் வைத்து நான் முதல் சிறகு செய்து மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். அப்பாவிடம் போய்ச் சொன்னது யார்? தெருவில் எல்லோர் முன்னாலும் போட்டு அப்பா காலால் மிதித்து உடைத்தாரே, அப்போது வாசலில் நின்று பார்த்தது யார்? முப்பத்தைந்து வருடமாக நான் அதை வாய்விட்டுக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன அக்கா கெட்டுப் போயிருக்கும், நீ வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

பட்டையை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் ஊசி பிடிக்கத் தெரியும்.

தம்பி


ஏப்ரல் 15

தம்பி,

முழங்கால் வலி கூடியிருக்கிறது. நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஆமாம், நான்தான் சொன்னேன். துணி காயப்போட மாடிக்கு வந்தபோது நீ கைப்பிடிச் சுவர்மேல் நின்றுகொண்டிருந்தாய், இரண்டு கையிலும் மூங்கில் கட்டிக்கொண்டு. மூன்று மாடி. கீழே கல் பாவிய தெரு. "அக்கா, காத்து நல்லா இருக்கு" என்று சொன்னாய். நான் காலைப் பிடித்து இழுத்தேன், உனக்கு முட்டி சிராய்த்தது. அதை மட்டும் விட்டுவிட்டுக் கதை சொல்கிறாய். மறுநாள் நான் வீட்டில் இருக்க மாட்டேன், தையல் வகுப்பு. அதனால் சொன்னேன். அப்பா தெருவில் போட்டு மிதித்தது எனக்கும் பிடிக்கவில்லை. ஆனால் இன்றைக்கு அதே சுவரில் நீ நின்றாலும் போய்ச் சொல்வேன். நீ உயிரோடு இருந்து என்னை முப்பத்தைந்து வருடம் கரித்துக்கொட்டியதில் எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அன்றைக்கு நீ உன் உடம்பைத்தான் சுவர்மேல் ஏற்றினாய். இன்றைக்கு அடுத்தவள் உடம்பை ஏற்றியிருக்கிறாய். உனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்றால் நான் என்ன எழுதியும் பயனில்லை.

"சாப்பிடாதே" என்று சொன்னதில்லையாம். "சாப்பிடு" என்று எத்தனை தடவை சொன்னாய்? அதை எழுது.

பட்டையில் கை வைக்காதே.

அக்கா


ஜூன் 27

அக்கா,

ஆஸ்பத்திரியில் சுண்டுவோடு ஒன்பது நாள் இருந்தாய். ஒரு தடவை கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. டாக்டர் என்னிடம் பேசினால் எழுந்து வெளியே போனாய். அவளைக் கூட்டிக்கொண்டு கிளம்பும்போதும் ஒரு வார்த்தை இல்லை. வெல்டர் போன் செய்து சொன்னது போக மற்றதை நானே உனக்குச் சொல்ல வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி காலை, காற்றே இல்லை. இதைவிட நல்ல நாள் கிடைக்காது என்றுதான் எடுத்தோம். அவள்தான் "இன்னைக்குப் பாத்துடலாம் மாமா" என்றாள். வெல்டர் முன்னால் மோட்டார் சைக்கிளில். நான் இடது சிறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினேன். கயிறு கழன்றது. நுனி என் கையை விட்டு மேலே போயிற்று. ஏழு எட்டு தடவை சிறகு அடித்திருக்கும். பிறகு அடிப்பது நின்றது. அவள் தலை சாய்ந்ததைப் பார்த்தேன். மெஷின் இடது பக்கம் திரும்பிச் சுவரோரம் சரிந்தது.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். நாங்கள் வெல்டரின் வேனில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். தோள் எலும்பும் இரண்டு விலா எலும்பும் மெஷின் செய்த வேலை. மயக்கம் மெஷினால் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். "இந்தப் பொண்ணு கடைசியா எப்பச் சாப்பிட்டா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல். ஒன்றும் சொல்லாமல் இருக்காதே.

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

சொல்லச் சொன்னாய், சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் அவள் துணிமணிகளை ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்கள். பட்டையும் அதில் இருந்தது. கத்தரித்துத்தான் எடுத்திருக்கிறார்கள். என் தையலை நீ பிரித்திருக்கிறாய். பிளேடால் ஒவ்வொரு கண்ணியாக, துணி கிழியாமல், பொறுமையாகப் பிரித்திருக்கிறாய். பிறகு சணல் நூல் போட்டுக் கையால் தைத்திருக்கிறாய். நான் டேப் வைத்து அளந்தேன். இருபத்து மூன்று. நீ முதலில் கேட்டதைவிட அரை அங்குலம் குறைவு.

மூன்று வரி தையலைப் பிரிக்க இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரமும் நீ என்ன நினைத்துக்கொண்டிருந்தாய் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறது. எழுதாதே, நம்ப மாட்டேன்.

ஒரு டம்ளர் பால் குடிக்க அவளுக்கு அரை மணி நேரம் ஆகிறது. பாதியில் நிறுத்தி, "இது எவ்வளவும்மா இருக்கும்?" என்று கேட்கிறாள். டம்ளரில் இருக்கிற பாலை எடை போடுகிறாள். என் பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுத்து அனுப்பியிருக்கிறாய்.

இனி இந்த வீட்டுக்கு நீ வரவேண்டாம். கடிதம் வந்தால் தடுக்க மாட்டேன், அவளுக்கு வருவதை அவளிடம் கொடுப்பேன்.

அக்கா


ஆகஸ்ட் 20

அன்புள்ள சுண்டுவுக்கு,

தோள் எலும்பு சேர்ந்துவிட்டதா? கையைத் தூக்க முடிகிறதா? விலா வலிக்கிறதா? அம்மா எப்படி இருக்கிறாள்? என் பெயரைச் சொன்னால் சண்டைக்கு வருவாள், சொல்லாதே.

உனக்கு ஒரு நல்ல செய்தி. மெஷினில் ஆறு கிலோ குறைத்துவிட்டேன். வால் பக்கத்துக் குழாயை எடுத்துவிட்டு மூங்கில் வைத்தேன், இரட்டைச் சங்கிலியை ஒற்றையாக்கினேன். மூன்று வாரத்தில் முடிந்தது. ஆறு கிலோ நூறு கிராம். இனி நீ ஐம்பது கிலோ இருந்தாலும் பரவாயில்லை.

இப்போது ஒரு விஷயம். அதை நீ மட்டும்தான் சொல்ல முடியும். அன்றைக்குக் கயிறு கழன்ற பிறகு சக்கரம் தரையை விட்டதா? நான் சிறகின் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்டர் முன்னால் போய்க்கொண்டிருந்தார். கம்பத்தில் கட்டியிருந்த போன் சிறகடித்த காற்றில் திரும்பி வெறும் வானத்தைப் படம் பிடித்திருக்கிறது. இரண்டு மாதமாக அந்தக் களத்தில் குனிந்து குனிந்து சக்கரத் தடம் தேடினேன். முதல் மழைக்கு முன்னால் ஓரிடத்தில் விட்டுப்போனது போல் தெரிந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

சக்கரம் சிமென்டில் ஓடும்போது கடகடவென்று இருக்கும். அந்தச் சத்தம் நின்றால் நீ மேலே இருக்கிறாய் என்று சொல்லியிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா? நின்றதா? எத்தனை சிறகடிப்புக்கு நின்றது? ஒரு வரி எழுது போதும். என்னால் வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

உன் மாமா


செப்டம்பர் 3

மாமாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்கள் சிறகு நலமா?

கையைத் தூக்க முடிகிறது. எடை நாற்பத்தெட்டு. அதை உங்களுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, பழக்கத்தில் எழுதிவிட்டேன். ஆறு மாதம் தினமும் காலையில் அடுக்களை வாசலில் இருந்த தராசில் ஏறி உங்களிடம் சொல்லிச் சொல்லி, இப்போதும் எழுந்ததும் யாரிடமாவது ஒரு எண் சொல்ல வேண்டும் போல் இருக்கிறது. குறைந்திருந்தால் "சபாஷ்" என்பீர்கள். கூடியிருந்தால் ஒன்றும் சொல்ல மாட்டீர்கள். திட்டவே மாட்டீர்கள். பேசாமல் போய் அரத்தை எடுத்து ஒரு ஆணியைத் தேய்க்க ஆரம்பிப்பீர்கள். அந்த அரத்தின் சத்தம் கேட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. நான்தான் கேட்டு ஏறினேன், அது உண்மை. இதுவும் உண்மை.

ஆறு கிலோ மெஷினிலேயே இருந்ததாமே. மூன்று வாரத்தில் கிடைத்ததாமே. நல்ல செய்தி என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் அம்மாவிடம் படித்துக் காட்டவில்லை.

நீங்கள் அம்மாவுக்கு எழுதிய கடிதங்களை எல்லாம் கேட்டு வாங்கிப் படித்தேன். ஜூன் கடிதத்தில், "நான் ஓடிப்போய் அவளைத் தூக்கினேன்" என்று இருக்கிறது. மாமா, சுவரில் மோதியபோதே எனக்கு மயக்கம் தெளிந்துவிட்டது. கத்த முடியவில்லை, மூச்சு வரவில்லை, ஆனால் கண் திறந்திருந்தது. நீங்கள் ஓடி வந்தீர்கள். என்னைத் தாண்டிப் போனீர்கள். இடது சிறகின் நுனியைத் தூக்கி, கீழே குனிந்து, குழாய் முறிந்திருக்கிறதா என்று நகத்தால் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள். மூன்று இடத்தில் தட்டினீர்கள். நான் எண்ணினேன். என்னைத் தூக்கியது வெல்டர் அண்ணன். அவர் உங்களைப் பார்த்துக் கத்தியது எனக்குக் கேட்டது, நான் இங்கே எழுத முடியாது.

நீங்கள் பொய் சொன்னீர்கள் என்று நான் நினைக்கவில்லை. என்னைத்தான் தூக்கினதாக நீங்களே நம்பிவிட்டீர்கள் போலிருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக வருகிறது.

சக்கரம் தரையை விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடகடப்பு நின்றதா, எத்தனை அடிப்புக்கு என்று. நன்றாக ஞாபகம் இருக்கிறது. தலை சுற்றுவதற்கு முன்னால் நடந்தது ஒவ்வொன்றும் ஞாபகம் இருக்கிறது. உலகத்தில் அதைத் தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

சொல்ல மாட்டேன்.

சுண்டு